லெஃப்ட் பேங்க் சென்சார்

எண்பதுகளின் நடுவில், அலிப்பூரில் நான் ஃபோர்மேனாக இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வெளிநாட்டு வண்டி வந்தது. வி-6 என்ஜின். நாங்கள் பழகிய வண்டிகளில் நாலு சிலிண்டரும் ஒரே வரிசை. இதில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வரிசைக்குப் பேங்க் என்று பெயர். ஒவ்வொரு பேங்கின் புகைக்குழாயிலும் ஒரு ஆக்சிஜன் சென்சார்.

ஓனர் ஒரு டாக்டர். என்ஜின் உதறுகிறது என்று கொண்டுவந்தார். வண்டியைக் கப்பலில் ஏற்றுமுன் வெளிநாட்டிலேயே சோதித்து, ஒரு சென்சார் கெட்டுவிட்டது என்று ஒரு புது சென்சாரையும் ‘லெஃப்ட் பேங்க்’ என்று இங்கிலீஷில் எழுதிய சீட்டையும் கொடுத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

எங்கள் ஷெட்டில் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுதான் வேலை. இடது என்றால் நிற்கிறவனின் இடது கை.

வண்டியைக் கையில் எடுத்தவர் நிமாய் தா, என்னைவிடப் பத்து வயது மூத்த ஃபிட்டர். ‘தா’ என்றால் வங்காளியில் அண்ணன். தன் மூட்டுவலியைக்கூட ‘பேரிங் போச்சு’ என்பார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அடுத்த மாதம் ஹெட் மிஸ்திரி ஆக வேண்டியவர்.

“மணி பாபு, சீட்டு எழுதினவன் ஸ்டியரிங்ல உக்காந்து எழுதினானா, நம்மள மாதிரி எதிர்ல நின்னு எழுதினானா? மீட்டர் வெச்சுப் பாத்துருவோமே” என்றார் என்னிடம்.

“இங்கிலீஷ் படிச்சுச் சொன்னது நான். நீங்க கழட்டுங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் பழைய மேனுவல்களைப் புரட்டி வந்ததுதான். அதனாலேயே கர்வம் கொஞ்சம் கூடுதல்.

துருப்பிடித்து இறுகியிருந்த சென்சார் உடைந்துதான் வந்தது. புதுசைப் பூட்டியும் என்ஜின் முன்போலவே உதறியது. அப்புறம்தான் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் இடது, நாங்கள் கழட்டியதற்கு எதிர்ப்பக்கம். உடைத்தது நல்ல சென்சார். இனிப் புதுசை எந்தப் பக்கம் மாட்டினாலும் மறுபக்கத்தில் வேலை செய்கிற சென்சார் இல்லை.

மேனேஜர் சான்யால் பாபு டாக்டரோடு வந்து, கழட்டியது யார் என்று கேட்டார். நிமாய் தா, “நான்தான்” என்றார். முட்டாள், இந்த வயசில் இதுகூடத் தெரியாதா என்று டாக்டர் முன்னாலேயே கத்தினார் மேனேஜர். கழட்டச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. நான் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் நிமாய் தாவிடம் போய், நாளைக்கு மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நாளைக்கு டாக்டர் இருக்க மாட்டாரே, பாபு.”

மறுநாள் சொன்னேன். முடிந்ததைக் கிளறாதே என்றார் சான்யால் பாபு. வேறொருவர் ஹெட் மிஸ்திரி ஆனார். நிமாய் தா ரிட்டயர் ஆகும்வரை வண்டிக்கடியில் கிரீஸ் அடிக்கிற குழியில், கிரீஸ் பிட்டில்தான் இருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இடது வலது டிரைவர் சீட்டிலிருந்துதான். ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் ஒன்று. அது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். இதைப் பார்க்கத் தவறினால் ஒரு சாமான் போகும். ‘நான் சொல்லித்தான் கழட்டினார்’ என்பதை மட்டும், கேட்க வேண்டியவர்கள் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அரை நிமிஷம் கிடைத்தது. சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.