எட்டாவது பாஸ்

போன சனிக்கிழமை மத்தியானம் கிருபா வந்திருந்தாள். கிருபா என் அக்கா மகள், இதே பெங்களூரில் ஜீவனஹள்ளியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கையில் ஒரு ஸ்கூல் அப்ளிகேஷன். மகள் ஸ்டெல்லாவை எங்கள் மர்பி டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம்.

“இதை நீங்களே எழுதிக் குடுங்க மாமா. நான் இங்கிலீஷ் எழுதி ரொம்ப நாளாச்சி.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது வருஷமாக ஆபீஸில் ஃபாரம் நிரப்புகிறவனுக்கு இது ஒரு வேலையா? குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் – மளமளவென்று ஓடியது. அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.

தாயின் படிப்பு.

ஏன் நின்றது? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்...

சுதந்திரம் வந்த வருஷம் என் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் புருஷன் அதற்கு முன்பே தவறிவிட்டார். கிருபாவுக்கு ஆறு வயது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, புள்ளைய உனக்குன்னு குடுக்கல. கர்த்தர் கையில குடுத்துட்டேன். அவருக்காக நீ பாத்துக்க” என்றாள். அழுதுகொண்டே ஜெபம் பண்ணினேன். வாக்குக் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என் மகள் லில்லிக்கும் அவளுக்கும் ஒரே வயது. கிறிஸ்துமஸ் வந்தால் ஒரே துணியில் இரண்டு கவுன். கைகோத்துக்கொண்டு ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கணக்கில் கிருபாதான் கெட்டி. லில்லி அவளைப் பார்த்துத்தான் எழுதுவாள்.

இருவரும் எட்டாவது முடித்த வருஷம் என் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்தது. பெங்களூர்க் குளிர்தான் தெரியுமே... படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. சமைக்க ஆள் வேண்டும். நான் யாரைக் கூப்பிட்டேன்?

“கிருபா, அத்தைக்கு முடியலம்மா. இந்த ஒரு வருஷம் வீட்ல இரு. அடுத்த வருஷம் சேத்துடறேன்.”

“சரிங்க மாமா.”

அவ்வளவுதான் பேச்சு. லில்லியைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றாமல் போனதுதான் இன்று உறுத்துகிறது.

டிசம்பருக்குள் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள். ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு, மடிப்புக் கலையாத சட்டை – வீடு சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்தது. சௌகரியம் பொல்லாதது, ஐயா. மனசாட்சியைத் தட்டிக்கொடுத்தே தூங்க வைத்துவிடும்.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வருஷம் குடும்ப ஞாயிறு அன்று போதகர் பிரசங்கத்தில் என்னைக் கைகாட்டினார். பிள்ளைகள் நம் சொத்து அல்ல, கர்த்தருடையவர்கள். நாம் அவருடைய வீட்டைக் காக்கிற உக்கிராணக்காரர்கள் மட்டுமே என்றார். “அப்படி உண்மையுள்ள ஒருத்தர் நம்ம சபையிலேயே இருக்காரு” என்று முடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன் – அடக்கமாகத் தெரிய வேண்டுமே! போதகருக்கு அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கிருபா அந்தப் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. அவள் வீட்டில் கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

லில்லி பி.ஏ. படித்து டீச்சரானாள். கிருபாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் செய்துவைத்தேன். நல்ல மாப்பிள்ளைதான். கர்த்தர் ஒப்படைத்ததைக் குறைவில்லாமல் செய்துமுடித்தேன் என்று சபையில் எழுந்து நின்று சாட்சிகூடச் சொன்னேன்.

பேனா நின்றதைக் கிருபா பார்த்துவிட்டாள்.

“எட்டாவதுன்னு போடுங்க மாமா” என்றாள். ஃபாரத்தை எட்டிப் பார்த்து, “எட்டாவது பாஸ். பாஸ்னும் சேத்துப் போடுங்க.”

போட்டேன்.

“கிருபா... அன்னிக்கி உன்ன நிறுத்தினது தப்பும்மா.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“அடுத்த வருஷம்னு சொன்னீங்களே... ரெண்டு ஜூன் பாத்தேன் மாமா. லில்லி படிச்சி முடிச்ச புக்குங்களுக்கு அட்டைகூடப் போட்டு வெச்சிருந்தேன். அப்பறம் விட்டுட்டேன்.”

அந்தப் புத்தகங்களை நான் பார்த்ததேயில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. அவசர அவசரமாகச் சொன்னேன்: “ஸ்டெல்லா இங்கயே தங்கிப் படிக்கட்டுமே. ஸ்கூல் நடக்கிற தூரம். சின்னப் புள்ள, ஜீவனஹள்ளியிலேந்து எதுக்கு அலையணும்? நான் பாத்துக்கறேன்.”

கிருபா மை காய்வதற்காக ஃபாரத்தை ஊதினாள். நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

“வேணாம் மாமா. எவ்ளோ தூரமா இருந்தாலும் நானே கொண்டாந்து விட்டுட்டு, நானே கூட்டிட்டுப் போறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தோத்திரம் சொல்லி விடைபெற்று, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால், நானும் இந்த வீட்டை நம்பி ஒரு பெண்பிள்ளையை அனுப்ப மாட்டேன்.