எல்லா ஊரிலும் அடித்த மீட்டர்

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி ஓடிவந்து, "மேடம், நம்ம ஜமீலா மேடம் போய்ட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றாள். வீட்டுக்குப் போகவிருந்தவள் ஜமீலாவின் ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். ஜமீலா இயற்பியல், நான் வேதியியல். ஒரே கல்லூரியில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். 'அவர்' என்று எழுதினால் எழுந்துவந்து சிரிப்பாள்.

நம் பக்கத்து மண்ணில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் பாஸ்பேட் கற்களில் கொஞ்சம் யுரேனியம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சை ஒரு மீட்டர் வைத்து ஊர் ஊராக அளப்பது ஜமீலாவின் ஆராய்ச்சி வேலை. ஒரு கிராமத்தில் (பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர் பட்டது போதும்) செல்வி என்ற பெண்ணின் வீட்டில் அந்தக் கற்களைக் கொட்டித்தான் தரை போட்டிருந்தார்கள். மீட்டரை வைத்ததும் டிக் டிக்கென்று விடாமல் அடித்தது. வாசலில் ஊரே கூடியிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு அளந்திருக்கலாம், ஜமீலாவுக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரமே, செல்விக்குப் பேசி முடித்திருந்த கீழப்பழுவூர் மாப்பிள்ளை வீட்டார், "விஷக் கல்லு வூட்டுப் பொண்ணு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செல்வியின் அப்பா கல்லூரிக்கே வந்து நின்றார். "ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்கம்மா. எம்பொண்ணு வாழ்க்கைங்க."

"சொல்லித் தொலையேன்டி" என்றேன் நானும்.

"இருக்கறத இல்லன்னு எப்படிடி சொல்றது? எவ்வளவுன்னுதான் கேக்கணும்" என்றாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் அவளோடு கீழப்பழுவூருக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஜமீலா பாட்டுக்கு உட்கார்ந்து, அவர்கள் கூடத்திலேயே மீட்டரை வைத்தாள். அங்கேயும் மெதுவாக அடித்தது.

"ஐயையோ, எங்க வூட்லயுமா?"

"எல்லா மண்ணுலயும் கொஞ்சம் உண்டுங்கம்மா. என் வூட்லயும் அடிக்கும். அங்க கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். பொண்ணு உடம்புல ஒட்டிக்கிட்டு வர்ற சமாச்சாரம் இல்லீங்க."

அதோடு நிறுத்தினாளா? "அப்ப அந்த வூட்ல ஆபத்தே இல்லீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதும், "ஜன்னலச் சாத்திக்கிட்டே படுத்தா நல்லதில்ல. கல்லுலேர்ந்து ஒரு வாயு கெளம்பும். தரையப் பேத்துப் போடச் சொல்லிருக்கேன்" என்றாள். கெட்டது காரியம் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த மனிதரோ மனைவியைப் பார்த்து, "உள்ளத மறைக்காம சொல்றாங்க. மத்ததும் நெசமாத்தான் இருக்கும்" என்றார். கல்யாணம் நடந்தது. நாங்கள் இருவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீக்கடை பெஞ்சில் மீட்டரை வைப்பாள். "இங்கயும் அடிக்குது, கேட்டுக்குங்க" என்று சொன்ன பிறகுதான் வீடுகளுக்குள் நுழைவாள்.

துக்க வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "அந்தக் கல்லத் தொட்டுத் தொட்டுத்தான் இப்படி ஆயிட்டா" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாம பேசாதீங்க."

திரும்பினேன். கீழப்பழுவூரிலிருந்து வந்த செல்வி. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

மீட்டர் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'எவ்வளவு?' ஒன்றைத்தான். அதிலும் செல்வி என்னை முந்திக்கொண்டாள்.