எட்டு விரல்

அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், ஜன்னலோர மேசையில், உருப்பெருக்கிக்குக் கீழே கல்லை வைத்துப் பத்தொன்பது வருடமாக ஊசியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. கல்லுக்குள் இருப்பவை முப்பத்தாறு கோடி வருடத்துக்கு முந்திய எலும்புகள். மீனுக்குக் கால் முளைத்த காலத்துப் பிராணிகள். ஒரு நாளைக்கு நகக்கண் அளவு கல் விலகினால் அது நல்ல நாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தொண்டை எலும்பில் மெல்லிய பள்ளம் ஓடுவதைப் பார்த்தவள் அவள்தான். கால் வந்த பிறகும் அந்தப் பிராணி செவுளால் மூச்சுவிட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. துறைத்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கட்டுரை அவர் பெயரில் வந்தது. கடைசிப் பக்கத்தில், "எலும்பைச் சுத்தம் செய்த பணியாளர்களுக்கு நன்றி" என்று இருந்தது. ஒற்றை ஆளைப் பன்மையாக்கித் தொலைத்திருந்தார். அவள் அதை உள்ளே போட்டு வைத்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு கல்லுக்குள் இந்தக் கை வந்தது. ஐந்து விரல் வெளிப்பட்டதும் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம கை மாதிரியே இருக்கு பாரு. இதை ஊணித்தான் கரையேறி நடந்திருக்கு. எழுதிடலாம்."

"ஓரத்துல இன்னும் கல்லு இருக்கு சார்."

"கல்லு உன் பாடு. எழுத்து என் பாடு."

போட்டோ எடுத்துக்கொண்டு போனவர் மேசைப் பக்கம் திரும்பவில்லை. அன்றன்றைக்குத் தெரிந்ததை ஓர் அட்டையில் எழுதி வைப்பது அந்த அறையின் வழக்கம். வெள்ளிக்கிழமை அவர் அறைக்கு அனுப்ப வேண்டும். போனில் பேசிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்திடுவார். அடுத்த வாரம் அவள் எழுதினாள்: "ஆறாவது விரலின் நுனி தெரிகிறது." கையெழுத்து விழுந்தது. "ஏழாவது." விழுந்தது. "எட்டு. துடுப்பு போல விரிந்த கை. உடம்பைத் தாங்கி நடக்கத் தோதான மணிக்கட்டு இல்லை." அதற்கும் விழுந்தது.

வீட்டில் கணவன் கேட்டான். "வாயைத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"போன தடவை வாயைத் திறந்துதான் சொன்னேன்."

"மீனுக்கு விரல் எத்தனை இருந்தா நமக்கென்னடி. ஊசியை அங்கேயே வச்சுட்டு வா."

கட்டுரை அச்சில் வந்த இரண்டாம் வாரம், வெளியூரிலிருந்து நிபுணரம்மா ஒருவர் கல்லைப் பார்க்க வந்தார். குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எட்டு இருக்கே சார். நீங்க அஞ்சுன்னுல்ல எழுதியிருக்கீங்க."

தலைவர் ஊசியக்கா பக்கம் திரும்பினார். "என்கிட்ட மறைச்சிட்டியா?"

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள், சீட்டு இறக்குகிற மாதிரி, நிதானமாக. நிபுணரம்மா படித்தார். கையெழுத்துகளைப் பார்த்தார். திருத்தம் வெளியிடும்போது கண்டுபிடித்தவர் பெயர் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தலைவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"உங்க பேர்லயே வரட்டும்மா," என்றார். முதல் 'உங்க'. கல்லின் பக்கம் குனிந்தார். "பின்னங்கால்ல எத்தனை இருக்கும்?"

செவ்வாய்க்கிழமையே ஏழு எண்ணியிருந்தாள். அட்டையில் எழுதவில்லை.

"இன்னும் கல்லுக்குள்ளதான் இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தாள்.