தாராளமா சார்

நேர்காணலுக்கு ஆள் வருவதற்குள், சார் முதலில் அறையின் கண்ணாடிச் சுவரில் திரையை இறக்குவார். கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. கடைசிப் பட்டை தரையைத் தொட்டதும் உள்ளங்கையைத் தட்டிக்கொள்வார். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பாதி திருகி, வருகிறவரின் நாற்காலிக்கு முன்னால் வைப்பார். திரை எதற்கு என்று கேட்டால், "வெளிச்சம் கண்ணை உறுத்தும்" என்பார். என்ன வெளிச்சம்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது வெயில் அல்ல, எங்கள் அலுவலகம். தொண்ணூறு பேர் கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற கூடம். வேலை கேட்டு வருகிறவர் அதைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த மென்பொருள் நிறுவனத்தில் பதினேழு வருடம் ஆகிறது அவருக்கு. நேர்காணலில் கேள்வி கேட்பது அவர். பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவது நான். ஆளைத் திணறடிக்கிற ரகமில்லை. பதில் தெரியாமல் முழித்தால், "பரவாயில்ல, தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்பார். நிரல் எழுதச் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுதுகிறவருக்குத் தப்பு வருமாம். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, அவசரத்துக்கு லீவு கிடைக்குமா என்று எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "தாராளமா." முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் தாராளமா சார். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். சம்பளம் குறைவென்றாலும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற இடத்தில் இருந்தவள். குழந்தைகள் காப்பகத்தில் ஏழு மணிக்கு மேல் மகளை வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஆறரைக்குக் கிளம்ப முடியுமா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் தாராளமா. வந்து சேர்ந்த பிறகு அவள் ஆறரைக்குக் கிளம்பிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அவள் போன் மின்னி மின்னி அணைந்தது. எதிரே இருந்த சார் ஐந்து விரலைக் காட்டினார், ஐந்தே நிமிடம் என்று. அது எட்டேகால் வரை இழுத்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது காப்பகம் பூட்டிக் கிடந்தது. நாலு வயதுப் பிள்ளை வாசலில், காவலாளியின் நாற்காலியில், அழுது அழுதே தூங்கிப் போயிருந்தது. மகள் இப்போது வேறு ஊரில், பாட்டி வீட்டில் வளர்கிறாள்.

அவள் சண்டை போடவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று நேரே அவரிடம் வந்து, "இனிமே எவ்வளவு நேரம்னாலும் இருக்கலாம் சார், பிரச்சினை இல்ல" என்றாள். "நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலைம்மா" என்று சார் என்னிடம் வந்து புலம்பினார். திட்டு எனக்கும் சேரும். அவளுடைய மதிப்பெண் தாளில் 'உடனே எடுக்கலாம்' என்று எழுதியது இந்தக் கைதானே. மேலிடத்தில் போய் அவளுக்காகக் கேட்டும் பார்த்தார். காலியாக இருக்கும் நாலு இடத்துக்கு ஆள் பிடியுங்கள், சுமை தானாகக் குறையும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை, இருக்கிற வேலையை முடித்துவிட்டு மாலையில்தான் வர முடியும் என்று சொல்லி ஒருவர் வந்தார். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில். இவர் சேர்ந்தால் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பாரம் இறங்கும். எனக்கு ஒரே சந்தோஷம், பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்று சார் வழக்கம்போல் கேட்டார். வந்தவர் தண்ணீர் பாட்டிலை ஓரமாக நகர்த்தினார்.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். பார்த்துக்கிற நர்ஸ் எட்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க. ஏழு மணிக்கு நான் கிளம்பலாமா?"

சார் வாயைத் திறந்தார். எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு பத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்த நாலு நாற்காலியைத் தவிர ஒன்றுகூடக் காலியாக இருக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் எழுந்து போனார். கயிற்றைப் பிடித்தார். திரையை உச்சிவரை ஏற்றினார்.