கீபோர்டுக்காரனின் இடது கை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேஸ் கிட்டார்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர், டைல்ஸ் பதிக்கிறவர். இன்னொருவர் பல் டாக்டர். மூன்றாவது ஆள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர். மூவரும் வேறு வேறு இசைக்குழுக்களில் வாசிப்பவர்கள். இங்கே வாசிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பேச வருகிறார்கள். அதுவும் என்ன பேச்சு! கம்பி எவ்வளவு தடிமன் இருக்கணும், தோள் வாரை ஏற்றிக் கட்டுவதா இறக்கிக் கட்டுவதா, விரலால் மீட்டுவதா பிளாஸ்டிக் பிக்கால் மீட்டுவதா. பாகப்பிரிவினையில்கூட அவ்வளவு சண்டை வராது. பாட்டுக்கு அடியில் கும்மென்று ஒலிக்கிற நாலு கம்பிக்கே இந்தப் பாடு என்றால், ஆறு கம்பிக்காரர்களைக் கட்டிக்கொண்டவர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்களோ.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மூலையில் ஒரு டைல் மயிரிழை தூக்கியிருந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பகலெல்லாம் டைல் வெட்டும் மெஷின் காதருகே அலறும். காதை மூடிக்கொள்ளுங்கள் என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்! "அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்பார். சாயங்காலம் குளித்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கினால் ஆளே மாறிவிடுவார். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில்தான் நிற்பார். அதைக் கேட்டால், "பேஸ் நின்னுபோனாத்தான் அது இருந்ததே ஜனங்களுக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

அவர் வாயில் எப்போதும் நிற்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "என்ன? இன்னொரு தடவை சொல்லு." மளிகை வாங்கச் சொன்னாலும் அதுதான், மகள் ஃபோனில் பேசினாலும் அதுதான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். திட்டுவதையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவேன். நல்ல வார்த்தை ஏதாவது வந்தால் மட்டும் அடுப்பைப் பார்த்து முணுமுணுத்துக்கொள்வேன். சத்தமாகச் சொன்னால் மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அதுவும் போக, இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வெட்கம்.

ஒருநாள் அவருடைய குழுவின் கீபோர்டுக்காரன் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளா உங்க பேஸ் தகரம் தட்டுற மாதிரி இருக்கு. சுருதியும் அங்கங்க நழுவுது. அடுத்த வாரம் சனிக்கிழமை ரிகர்சல்ல பாப்போம். சரிப்படலேன்னா பேஸை நானே கீபோர்டுல இடது கையால பாத்துக்கறேன்."

இடது கையால! ஒரு பேஸ்காரரிடம் இதைவிடக் கேவலமாக ஒன்று சொல்ல முடியாது. இவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் பதித்த குளியலறைத் தரையில் தண்ணீர் வாசல் பக்கம் ஓடியதாம். பெயர்த்துவிட்டு மறுபடி பதித்தார். அவர் வேலையில் அப்படி ஒரு பிசகு வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கேட்டதும் மற்ற இருவரும் கொதித்துப்போனார்கள்.

"இடது கையா? அவன் பல்லைப் புடுங்கிடறேன் இருங்க" என்றார் பல் டாக்டர்.

அப்புறம் ஆரம்பித்தது ஆலோசனை மழை. நகத்தை வெட்டு, வாரை ஏற்று, ஒயரை மாற்று. எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. கடைசியில் டாக்டர், "பழைய கம்பியில எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கும்யா. கழட்டிக் கொதிக்கிற தண்ணியில போடு. புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரம். இறங்கி வந்து பார்த்தால், என் பால் பாத்திரத்தில் நாலு இரும்புக் கம்பி தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது! படித்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று கரண்டியால் கிளறிக்கொண்டிருக்கிறார்.

"உப்பு போட்டாச்சா டாக்டர்?" என்று கேட்டேன். மனிதர் கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடிவிட்டார்.

கம்பியைத் துடைத்து மாட்டி இவர் வாசித்தார். ஐயையோ, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரே கடகடா. முன்னைவிட மோசம். இவர் மட்டும், "இப்ப கொஞ்சம் தேவலாம், இல்ல?" என்று எங்கள் முகத்தைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்துபோய் அவருக்குப் பின்னால் இருந்த, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். ட்ரெபிள் திருகு கடைசி வரை ஏற்றியிருந்தது. கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற திருகு அது. பேஸ்காரர்கள் யாரும் அவ்வளவு ஏற்றமாட்டார்களாம். அவள் அதைக் கீழே இறக்கினாள். இவர் அடுத்த கம்பியை மீட்டினார். அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. கனமாக, வழவழவென்று அப்படி ஒரு சத்தம். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இவர் கையை எடுத்துவிட்டார். "என்னாச்சு? ஒரே மூட்டமா இருக்கே. எந்தச் சுரம்னே பிடிபடல."

"எவ்ளோ நாளா இப்படி இருக்குண்ணா?" என்று டீச்சர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டாள். அவர் பாட்டுக்குக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

எத்தனை நாள்தான் பூசி மெழுகுவது? அவர் முன்னால் போய் உட்கார்ந்து, "உங்களுக்குக் காது கேக்கலைங்க" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? வெளிய சொன்னா என்னை எவன் குழுவுல வெச்சிருப்பான்? காது செத்தவனுக்கு எதுக்கு வாத்தியம்னு கேக்கமாட்டானா? எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"

வேறு என்ன இருக்கா? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்! ஆனாலும் அந்த நேரம் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஒரு பயத்தில்தான் மனிதர் காது டாக்டரிடம் போகாமல் இவ்வளவு காலம் மழுப்பியிருக்கிறார்.

"அட லூசு" என்றார் டாக்டர், அவர் காதருகே குனிந்து. "மெஷின் சத்தத்துல மொதல்ல போறது கீச்சுச் சத்தம்தான்யா. அதான் ட்ரெபிளை ஏத்திக்கிட்டே போயிருக்கே. கீழ்ச்சுரம் பெரும்பாலும் கடைசியிலதான் போகும். கடவுள் நீ வாசிக்கிற வாத்தியத்தைப் பாத்துத்தான் காதைக் கெடுத்திருக்கார். கொம்புல தாடையை வை."

கிட்டாரின் மேல்பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கூச்சலான இடத்தில் சுருதி சேர்க்க பேஸ்காரர்கள் அதில் தாடையை அழுத்திக்கொள்வது வழக்கமாம். மரத்தின் அதிர்வு பல்லுக்கும் எலும்புக்கும் ஏறி, உள்ளே காதுக்குப் போய்விடும். "சுருதி சேக்கறதுக்கு மட்டும்னு யார் சொன்னது? வாசிக்கும்போதும் வையுங்கண்ணா" என்றாள் டீச்சர். இவர் குனிந்து தாடையை வைத்து ஒரு கம்பியை மீட்டினார். அப்புறம் அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குது" என்றார். "ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது."

சனிக்கிழமை ரிகர்சலுக்கு நானும் போனேன். மரச்சாமான் கிடங்கு ஒன்றின் பின்பக்கம், பாலிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. ட்ரெபிளை இறக்கிவிட்டு, தலையணையில் சாய்ந்து தூங்குகிறவர் மாதிரி தாடையை வைத்துக்கொண்டு வாசித்தார். டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நான் அவரைப் பார்க்கவே இல்லை. கீபோர்டுக்காரனின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் அது இவர்மேல் நம்பிக்கையில்லாமல் கீழ்ச்சுரங்களைத் தானும் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் தயங்கியது. மூன்றாவது பாட்டின் நடுவில் மெதுவாக எழும்பி, அவன் பேண்ட் பையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, இடது கைக்கு லீவு விட்டாச்சு" என்றான், பாட்டு முடிந்ததும்.

இவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தாடையில் கொம்பின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஆனால் எத்தனை நாளைக்குக் கழுத்தை ஒடித்துக்கொண்டு வாசிப்பது? குழுவில் இடம் உறுதி என்றானபின் பயமும் விட்டுப்போயிற்று. தானாகவே காது டாக்டரிடம் போனார். காதில் மாட்டுகிற கருவி வந்த ஞாயிற்றுக்கிழமை, மூவரும் கூடத்தில் கூடினார்கள். இவர் கருவியை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே ட்ரெபிளைப் பழைய இடத்துக்கு ஏற்றி ஒரு கம்பியை மீட்டினார். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"அடச்சீ! இப்படியா வாசிச்சிக்கிட்டிருந்தேன்? ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"எல்லாரும் சொன்னோம்ணா" என்றாள் டீச்சர். "உங்களுக்குத்தான் கேக்கல."

டாக்டர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். நான் உள்ளே போனேன். கூடத்தில் இவர் திருகை இறக்கிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார், டம்ளர்கள் அதிர்ந்தன. புதிதாக வாங்கிய பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, வழக்கம்போல அடுப்பைப் பார்த்து, "நல்லாத்தான் வாசிக்கிறார் மனுஷன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

கூடத்தில் பேஸ் நின்றுபோயிற்று.

"என்ன?" என்று அங்கிருந்து கேட்டார். கேட்காதவர் குரல் இல்லை அது. "இன்னொரு தடவை சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசற்படிக்கு வந்து, மூன்று பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.