வெக்கை இல்லை என்று கையெழுத்துப் போட்ட நாள்

1. தந்தி எழுதியாகிவிட்டது

"சுரக்குடியில வெக்கை வந்துருச்சு போலம்மா" என்று எங்கள் உதவி இயக்குநர் சொன்னபோது நான் இன்னும் டிபன் டப்பாவைக்கூட மேசைமேல் வைத்திருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். காரைக்காலில் கால்நடைத் துறையின் நோய்ப் புலனாய்வு வேலைக்கு நான் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அதிலும் பாதி பிரசவ விடுப்பில் போய்விட்டது. மகள் தாய்ப்பால் குடிக்கும் வயது. காலையில் அவளை ஓர்ப்படியிடம் விட்டுவிட்டுக் கிளம்பும்போதே பாதி மனம் வீட்டில் நின்றுவிடும். மாட்டைத் தொட்ட கையோடு குழந்தையைத் தொடலாமா என்று டெட்டால் போட்டுக் கழுவுவேன். கழுவியது போதாதோ என்று மறுபடியும் கழுவுவேன்.

புதிதாகத் துறைக்கு வந்திருக்கும் நீங்கள் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோயைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், நாற்றமெடுத்த கழிச்சல், அப்புறம் சாவு. ஒரு கொட்டகையில் நுழைந்தால் ஊரைத் துடைத்துவிட்டுத்தான் போகும். சுரக்குடியில் ஒரே தெருவில் கன்றுகள் கழிந்து கழிந்து விழுந்துகொண்டிருந்தன. பெரிய மாடுகளுக்கு ஒன்றும் இல்லை.

"பெருசுங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கோம். கன்னுக்குட்டிங்க விட்டுப்போயிருக்கும். அதான் அதுங்க மட்டும் விழுது" என்றார் உதவி இயக்குநர் சார். கேட்க ரொம்பச் சரியாக இருந்தது. பாண்டிச்சேரிக்கு அனுப்பவேண்டிய தந்தியின் வாசகத்தைக்கூட எழுதி வைத்துவிட்டார். "நமக்கு மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். காலையில இந்தப் பக்கம் மேயற மாடு மத்தியானம் அந்தப் பக்கம் நிக்கும். ஒரு நாள் தாமதிச்சா டெல்டா பூராம் போயிரும். போய்ப் பாத்துட்டு வாங்க. சாயங்காலம் தந்தி போகணும்."

தந்தி போனால் அந்த ஊர் மாடுகளை அவிழ்க்கக் கூடாது, பால் வெளியே போகக் கூடாது, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஆள் போட்டு எல்லைப் பாதைகளை அடைப்பார்கள். போகாமல் இருந்து, அது வெக்கையாகவே இருந்துவிட்டால்? அந்த "விட்டால்" என்ற சொல் ஜீப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

2. இளஞ்சிவப்பு நொய்

முதல் வீடு மரியபுஷ்பத்தினுடையது. அவருக்கு இரண்டு கிடேரிக் கன்றுகள், காரி, செவலை. காரி நாங்கள் போவதற்குச் சற்றுமுன்தான் உயிரை விட்டிருந்தது. செவலை தாடை வீங்கி, கண் உள்ளே போய், வால் முழுக்க ஈரமாக நின்றது.

மரியபுஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்பக்கம் நனைந்திருந்த ரவிக்கையை முந்தானையால் மூடினேன். அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை.

"கைப்புள்ளக்காரியா? ஏம்மா, இப்புடியாப்பட்ட நேரத்துல செத்த மாட்டப் பாக்க உங்களத்தான் அனுப்புனாங்களா? ஆபீஸ்ல ஆம்பளைங்கல்லாம் மாப்பிள்ள வீட்டு விருந்துக்குப் போயிட்டாங்களோ?"

"நான் இதுக்குத்தாங்க படிச்சேன்."

"படிச்சீங்க சரி. இன்னொன்னாவது பொழைக்குமா, அதச் சொல்லுங்க."

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். செவலைக்குக் காய்ச்சல் இல்லை. வாயைத் திறந்து, ஈறு, நாக்கின் அடி, உதட்டின் உட்புறம் எல்லாம் விரலால் தடவினேன். புண் இல்லை. மறுபடியும் தடவினேன். அடுத்த வீட்டுக் கன்றுகளிலும் அப்படியே. மனசு லேசாகத் துள்ளியது. உடனே, "கழிச்சல் முற்றிய பிறகு காய்ச்சல் இறங்கியும் போயிருக்கலாமே" என்று பயம் வந்தது. புழுவாக இருக்குமோ என்றால், கிளை மருந்தகத்தில் ஏற்கெனவே சாணியைப் பார்த்துவிட்டார்கள். புழு முட்டை ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது காரிதான். தோட்டத்து மூலையில் வைத்து அறுத்தேன். குடல் சிவந்து, வீங்கி, நாற்றம் குமட்டியது. வெக்கை என்று எண்ணிக்கொண்டு பார்த்தால் வெக்கையேதான். அறுவைக் கத்தியைக் கீழே வைக்கப் போனேன். ஆனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி மட்டும் மற்ற இடங்களைவிட அதிகமாகத் தடித்திருந்தது. ஏன் அங்கே மட்டும்?

அந்தத் துண்டைப் பிளந்து, உள் சவ்வைக் கத்தியின் முதுகால் வழித்து, வெள்ளை எனாமல் பேசினில் தண்ணீர் ஊற்றி அலசினேன். கலங்கல் தெளியக் காத்திருந்தேன். பேசினை வெயில் பக்கம் சாய்த்தேன்.

அடியில் நொய்யரிசி. இளஞ்சிவப்பு நொய். அந்த நொய் நெளிந்தது!

"புஷ்பம்மா, இங்க வாங்க! ஓடி வாங்க!" என்று நான் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. ஆம்பிஸ்டோம் என்ற தட்டைப்புழுவின் குஞ்சுகள் அவை. வளர்ந்த புழு மாதுளை முத்துபோல் பெரிய இரைப்பையில் ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். குஞ்சுகள்தான் சிறுகுடலைக் கடித்துத் துளைத்துக் கழிச்சலில் கொல்லும். குஞ்சு முட்டை போடாது. சாணியில் முட்டை இல்லாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. செத்த கன்றின் பக்கத்தில் நின்று சந்தோஷப்படுகிறோமே என்று தோன்றி வாயை மூடிக்கொண்டேன். சந்தோஷம் என்னவோ அடங்கவில்லை.

செவலைக்கும் மற்ற கன்றுகளுக்கும் தட்டைப்புழு மருந்தை மூங்கில் குழாயில் அப்போதே புகட்டினேன். காரியின் மண்ணீரலில் ஒரு துண்டைச் சந்தேகத்துக்கு ஆய்வகத்துக்கு அனுப்ப ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் சார் பேசினை நீண்ட நேரம் பார்த்தார்.

"பூச்சி இருக்கு, சரி. கூடவே வெக்கையும் இருந்தா?"

"காய்ச்சல் இல்ல, புண் இல்ல சார்."

"ஊரெல்லாம் ஒரே வாய்க்கால், ஒரே குட்டை. பூச்சின்னா ஊர் பூராம்தான வரணும்? ஒரு தெருவுல மட்டும் ஏன்?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

"ஐஸ் பெட்டி முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் நான் தந்திய நிறுத்தி வெக்கணும்னா, வெக்கை இல்லன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். போடுவீங்களா?"

போட்டேன். பேனாவை மூடியதும் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அன்று வீட்டில் குழந்தை சாதாரணமாக இளகலாக வெளிக்கிருந்ததற்கே நான் பதறியதில் ஓர்ப்படி பயந்துபோனார்.

3. நன்றாகப் பார்த்துக்கொண்ட வீடுகள்

மறுநாள் விடிந்ததும் தெருவில் இருந்தேன். செவலை இன்னும் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் வீடு வீடாக ஏறி, எந்தக் கன்று நோயில் விழுந்தது, எது விழவில்லை, அது என்ன தின்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டேன். சொத்தையான கொட்டகை, சாணி வாராத தரை, இவற்றில்தான் நோய் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எல்லாம் தலைகீழ். மந்தையோடு ஓட்டிவிட்ட கன்றுகள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் துள்ளிக்கொண்டிருந்தன. வீட்டில் கட்டிப் பிள்ளைபோல் வளர்த்த கன்றுகள்தான் விழுந்திருந்தன. மரியபுஷ்பத்தின் கொட்டகை எங்கள் வீட்டு அடுப்படியைவிடச் சுத்தம்.

கழுநீர் எல்லார் வீட்டிலும்தான். புண்ணாக்கு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது; விழுந்த கன்றுகளில் பல அதைக் கண்டதே இல்லை. வீட்டில் கட்டிய கன்றுக்கு மட்டும் கிடைப்பது அறுத்து வரும் புல். அந்தப் புல்லும் மந்தை மேயும் அதே வாய்க்கால் கரையில் அறுத்ததுதான். அங்கேயே முட்டிக்கொண்டு நின்றேன்.

"புஷ்பம்மா, தெனம் என்ன செய்வீங்களோ அத இன்னிக்கும் செய்யுங்க. நான் கூட வர்றேன். பேச மாட்டேன்."

"பேசாம வருவீங்களா? நேத்துலேருந்து வாயே மூடலையே நீங்க."

அணைத் தண்ணீர் நின்று வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் கரையில் மட்டும் பச்சை. மரியபுஷ்பம் புல்லை அறுத்துக் கட்டித் தலையில் தூக்கினார். பின்னாலேயே போனேன். வீட்டுக்குப் போகாமல் குட்டையில் இறங்கினார். புல்லுக்கட்டைத் தண்ணீருக்குள் போட்டு, காலால் அழுத்தி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அந்த ஓரம் முழுக்க அதேபோல் கட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்.

பேச மாட்டேன் என்றது மறந்துபோனது. "எதுக்குங்க தண்ணியில போடுறீங்க?"

"வெயிலப் பாருங்க. கரையில வெச்சா மத்தியானத்துக்குள்ள வைக்கோலாப் போயிரும். சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து எடுத்தா அப்பத்தான் அறுத்தாப்புல இருக்கும். கன்னுக்குட்டி சும்மா மொறுமொறுன்னு தின்னும். எங்க தெருவுல எல்லாரும் இப்புடித்தான்."

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். முந்தின நாள் போட்டு யாரோ எடுக்காமல் விட்ட கட்டு ஒன்றைத் தூக்கி உதறினேன். முறுக்குபோல் சுருண்ட தட்டை நத்தைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மாடுகளைக் குளிப்பாட்டுவதும் அதே குட்டையில்தான். பெரிய மாட்டின் சாணியில் முட்டை, முட்டையிலிருந்து நத்தைக்குள், நத்தையிலிருந்து புல்லுக்கு. படிக்கும்போது படமாக வரைந்த வட்டம் என் முழங்காலைச் சுற்றி நின்றது.

நத்தைகளைச் சுத்தமான தண்ணீரில் கண்ணாடிக் குவளையில் போட்டு ஆபீஸ் ஜன்னலில் வெயிலில் வைத்தேன். உள்ளே ஒரு புல்லிதழ் போட்டேன். சாரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு நத்தை ஒன்றிலிருந்து கறுப்புப் புள்ளிகள் புகைபோலக் கிளம்பின. வெறும் கண்ணுக்கே தெரிந்தன. வாலை ஆட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நீந்தின. ஒவ்வொன்றாகப் புல்லிதழில் போய் உட்கார்ந்து, வாலை உதறிவிட்டு, கூடு கட்டிக்கொண்டன. கன்று புல்லோடு தின்பது அந்தக் கூடுகளைத்தான்.

"அட! அட! அடடா!" சார் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். "பிரசவ லீவு முடிஞ்சு வந்தீங்க, இப்ப நத்தைக்குப் பிரசவம் பாத்துட்டீங்களேம்மா!"

தந்தித் தாளை அவரே கிழித்தார்.

4. சொல்லவேண்டியது

ஆனால் மரியபுஷ்பத்திடம் யார் சொல்வது? சார் கொம்யூன் ஆபீஸ் மூலம் தண்டோரா போடலாம் என்றார். அது எளிதுதான். "குட்டையில் புல் ஊறப்போடாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டால் ஏன் என்று விளக்கவேண்டாம். மறுநாள் ஜீப்பில் போகும்போது நானும் அப்படியே செய்துவிடலாமா என்று நினைத்தேன். காரி செத்தது நீங்கள் பாசமாக ஊட்டிய புல்லால் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்ல? என் மகள் விஷயத்தில் என்னிடம் யாராவது வந்து அப்படிச் சொன்னால்?

ஆனால் காரணம் தெரியாமல் நிறுத்தியவர் அடுத்த வெயிலில் மறுபடி ஆரம்பிப்பார். ஆகவே குவளையோடு போய் அவருக்கு எதிரில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

மரியபுஷ்பம் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்போ நான்தான் ஊட்டுனேனா?"

"நீங்க நல்லதுன்னு செஞ்சீங்க. இது கண்ணுக்குத் தெரியற விஷயமாங்க? நானே நேத்துதான் பாத்தேன்."

"மந்தைக்கு ஓட்டிவுட்டிருந்தா காரி இருந்திருக்கும்ல?"

பொய் சொல்லத் தோன்றியது. "இருந்திருக்குங்க" என்றேன்.

அவர் விருட்டென்று எழுந்து போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். குட்டையில் இறங்கி, கல்லைப் புரட்டித் தள்ளி, தன் கட்டை இழுத்துக் கரையில் எறிந்தார். அடுத்தது தெருவில் யாருடையதோ. அதையும் எறிந்தார். ஒன்றுவிடாமல் எறிந்துகொண்டே தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ ஜெயம்! பாப்பாத்தி! எல்லாம் வாங்கடி இங்க! இனி எவளாச்சும் தண்ணியில கட்டப் போட்டீங்க, கட்டோட சேத்து உங்களையும் அமுக்கிக் கல்ல வெச்சுருவேன்! டாக்டரம்மா, அந்தக் கிளாஸ எடுத்துட்டு வாங்க. இவளுங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவாளுங்க."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் புதிதாக ஒரு கன்றும் விழவில்லை. புல்லை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்தார்கள். அது மரியபுஷ்பத்தின் யோசனை. ஐஸ் பெட்டியின் முடிவு வந்தது. வெக்கை இல்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் நான் கற்றது ஒன்றுதான். நோய் எங்கே இருக்கிறது என்று தேடும்போது அழுக்கையும் அலட்சியத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். அந்த வீட்டார் தங்கள் மாட்டுக்கு ஆசையாகச் செய்வது என்ன என்று கேட்டு, அவர்களோடு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். கண்டுபிடித்ததை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாளைக் கொண்டுபோய் மரியபுஷ்பத்திடம் படித்துக் காட்டியபோது செவலை தாடை வீக்கம் வற்றி, கட்டுத்தறியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அவர் தாளைப் பார்க்கவில்லை. செவலையின் வாயைக் காட்டி, "அதோ அசை போடுது பாருங்க, அது போதும். நீங்க வீட்டுக்குப் போங்க, புள்ள பசிச்சுக் கெடக்கும்" என்றார்.