குடும்ப வாசலில் செல்லத்தாய்

ஈத்தாமொழிப் பக்கம் கயிறு திரிக்கிற கொட்டகைகளில் போய் செல்லத்தாய் என்று கேட்டால் யாரும் கைகாட்டி விடுவார்கள். நாற்பது பெண்கள் வேலை செய்கிற கொட்டகையை இன்றைக்கு அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு, உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கியவர்களும் குறைவு. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில், நாகர்கோவிலில் நடந்த கார்னிவலில் இவள் வாசல் காத்தாள் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கார்னிவலை நடத்திய ஊர்க் கமிட்டிக்கு எழுத்துவேலை பார்த்தவன் நான்.

அவள் கதை பெரிய கதை இல்லை. ஐந்து வயதில் அம்மை செத்துப்போனாள். பதினாலு வயது மூத்த அக்காள் அன்னக்கிளிதான் வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். கட்டியவன் முத்துநாயகம் பனையேறி. நாட்டுக்கு விடுதலை கிடைத்த வருஷம், அதைக் கொண்டாட இரண்டு மாதம் இருக்கும்போது, பனையிலிருந்து விழுந்து போய்விட்டான். ஒரு மகள். அவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று செல்லத்தாய்க்கு ஒரு பிடிவாதம். தேங்காய்த் தொண்டைத் தல்லி நார் எடுத்து வருகிற கூலியில் கஞ்சி குடிக்கலாம், படிப்பு நடக்காது. கார்னிவல் முடிந்ததும் அதே மைதானத்தில் குழந்தைகளுக்கு நிரந்தரமாக ஒரு பூங்கா கட்டப்போகிறோம், வாசலுக்குப் பெண் ஆள் வேண்டும், இந்த ஒரு மாதம் ஒழுங்காக நின்றால் அந்த வேலை உனக்குத்தான் என்று கமிட்டித் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் வந்தாள்.

தலைவர் பொன்னுலிங்கம் முதலாளி ஜவுளிக்கடைக்காரர். அவர் கடையில் எழுத்துவேலை பார்த்துத்தான் நானும் சோறு தின்றேன். இப்போது அங்கே இல்லை என்பதால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

கார்னிவலில் ராட்டினம் உண்டு, குதிரைச் சுற்று உண்டு, பேசும் தலை உண்டு. ஆனால் கூட்டம் அலைமோதியது மரணக் கிணற்றுக்குத்தான். பலகை அடித்துச் செய்த கிணற்றுக்குள் விக்டோரியா என்ற பெண் சைக்கிளில் சுவரோடு சுவராகச் சுற்றுவாள். போட்டிருப்பது ஜிகினா தைத்த மேல்சட்டையும் தொடையோடு முடிகிற அரைக்கால் சட்டையும். மூன்றாம் நாளே புகார் வந்துவிட்டது. குடும்பத்தோடு வருகிற இடத்தில் இது என்ன கோலம் என்று ஊர் பேசியது. பேசியவர்களில் பலர் இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

கமிட்டி முதலாளி கடை மாடியில் கூடியது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் குமாரதாஸ் கொதித்துப்போய் வந்திருந்தார்.

“பிள்ளைகள் வாற எடத்துல ஒரு பெண்ணு இப்பிடி நிக்கப்பிடாது. நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?”

கார்னிவல் சொந்தக்காரன் யூஜின் கொல்லத்துப் பக்கத்துக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான். “சேலை கட்டிட்டுச் சுத்தச் சொல்லட்டா சார்? முந்தானை சக்கரத்துல மாட்டிச் செத்தா, அடக்கமா செத்தாண்ணு எழுதி வைப்பீங்களா?”

“முழுக்கால் சட்டை போடலாம்லா?”

“கடப்புறத்துப் பெண்ணுவ கெண்டைக்கால் தெரியத்தானே மீன் கடவத்தச் சொமந்துட்டு ஒங்க தெருவுல வாறாவ. அவியளுக்கு என்ன சொல்லுவீங்க?”

“அது வேலை.”

“இதும் வேலைதான் சார்.”

தலைமையாசிரியர் நல்ல மனிதர், அவர் பயத்திலும் நியாயம் உண்டு. யூஜின் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டு நியாயம் முட்டிக்கொண்டால் மூன்றாமவன் தலையில் விடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விக்டோரியாவை மூடினால் கூட்டம் போய்விடும் என்று முதலாளிக்குத் தெரியும். மீசையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“ஆட்டக்காரி எப்பிடியும் ஆடட்டும். பாக்க வாறவங்களுக்கு ஒரு தராதரம் வேண்டாமா? திருவனந்தபுரத்துலேருந்து பெரிய ஆளுவ வரப்போறாவ, பத்திரிகைக்காரன் படம் பிடிப்பான். நம்ம கெழவிமாரு ஜம்பர் இல்லாம தோள்ல துண்டு போட்டுட்டு வாறாளுவ. அதத்தான் முதல்ல நிறுத்தணும்.”

விக்டோரியாவின் தொடையைப் பற்றித் தொடங்கிய பேச்சு இப்படித்தான் அன்னக்கிளி போன்றவர்களின் தோளில் வந்து இறங்கியது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மேல்சட்டை அணியாத எவருக்கும் அனுமதி இல்லை என்று பலகை எழுதச் சொன்னார்கள். பெண்களுக்கு என்று மட்டும் போட்டால் நன்றாக இராது என்று ‘எவருக்கும்’ என்று எழுதியவன் நான். மறுநாளே முதலாளி கடையிலிருந்து தைத்த ஜம்பர், அதான் ரவிக்கை, ஒரு கட்டு குடும்ப வாசலுக்கு வந்தது. சட்டை இல்லாமல் வருகிறவர்கள் அங்கேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒழுக்கமும் வியாபாரமும் ஒரே கடையில் கிடைத்தன.

குடும்ப வாசல் என்பது பெண்களும் குடும்பத்தோடு வருகிற ஆண்களும் நுழைகிற வாசல். செல்லத்தாய் அங்கேதான் நின்றாள். சட்டம் என்றால் சட்டம்தான் அவளுக்கு. முதல் நான்கு நாளில் முப்பது பெண்களையாவது திருப்பி அனுப்பியிருப்பாள். சிலர் ஜம்பர் வாங்கி மாட்டிக்கொண்டு போனார்கள், சிலர் சாபம் விட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கிளி வந்தாள். மாதத்து முதல் ஞாயிறு, சாமித்தோப்பு பதிக்குப் போய்த் தொழுதுவிட்டு அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். நெற்றியில் நாமம், இடுப்பில் முண்டு, தோளை மூடி இழுத்துச் சொருகிய வெள்ளைச் சீலை. ஐம்பத்திரண்டு வயது, பிறந்ததிலிருந்து சட்டை போட்டதில்லை. போட வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை. தங்கை வாசலில் நிற்கிறாள், நேராக உள்ளே போய்விடலாம் என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

செல்லத்தாய் கையைக் குறுக்கே நீட்டினாள். “அக்கா, சட்ட இல்லாம விடப்பிடாது.”

“என்னையா?”

“ஆரையும் விடப்பிடாது. இந்தா, ஜம்பர் இருக்கு. நான் வாங்கித் தாறேன், போட்டுட்டுப் போ.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். யாரோ, “கெழவிக்குப் புதுச் சட்ட, மாப்பிள்ள பாக்கவா?” என்று கேட்டார்கள். வாசல் பக்கம் நின்றிருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்னக்கிளி சத்தம் போடவில்லை. “நம்ம பாட்டி தோள்சீலை போட்டாண்ணு மேல்சாதிக்காரனுவ சந்தையில வச்சுக் கிழிச்சானுவ. மறைக்கப்பிடாதுண்ணு அண்ணைக்கு அடி. மறச்சது போதாதுண்ணு இண்ணைக்கு அடியா ஏட்டி?” என்றாள். பிறகு திரும்பி நடந்தாள். செல்லத்தாய் கூப்பிடவில்லை. அடுத்து நின்றவளின் டிக்கெட்டை வாங்கிக் கிழித்தாள். கிழித்த துண்டை அவளிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

அதற்கு நான்காம் நாள் பொன்னுலிங்கம் முதலாளி, திருவனந்தபுரத்து அதிகாரி ஒருவரையும் அவர் மனைவியையும் சுசீந்திரம் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு நேராகக் கார்னிவலுக்கு வந்தார். நம் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகாரி வெளியே வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டார். நம் முதலாளிக்கு அது தோன்றவில்லை. மார்பு நிறையச் சந்தனம், தோளில் மடித்த நேரியல், சட்டை காரிலேயே கிடந்தது. கோயிலிலிருந்து வருகிற மேனியை யார் என்ன சொல்வார்கள்? விருந்தாளியின் மனைவி இருந்ததால் குடும்ப வாசலுக்கு வந்தார்.

செல்லத்தாய் கையை நீட்டினாள்.

“மொதலாளி, சட்ட போட்டுட்டு வாங்க.”

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறியது. “நான் கோயிலுக்குப் போயிட்டு வாறேன் பிள்ளா.”

“எனக்க அக்காளும் சாமித்தோப்புக்குப் போயிட்டுத்தான் வந்தா. விடல்ல.”

“பலகை பெண்ணுவளுக்கு.”

“எவருக்கும்ணுதான் எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது, எனக்க மவ படிச்சுச் சொன்னா.” பக்கத்துப் பெஞ்சில் கிடந்த கட்டிலிருந்து ஒரு ஜம்பரை எடுத்து நீட்டினாள். “அவசரம்ணா இது இருக்கு. நம்ம கடைச் சரக்குதான்.”

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியின் மனைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி காருக்குப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு, திரும்பி வந்து உள்ளே போனார். உள்ளுக்குள் நானும் சிரித்தேன். உள்ளுக்குள் மட்டும்தான்.

மறுநாள் கமிட்டி கூடியது. பலகையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வார்த்தையில் முடிந்தது, யாரும் எதிர்க்கவில்லை. விருந்தினரை அவமதித்த வாசல்காரியை நீக்க வேண்டும் என்று அடுத்த வார்த்தை. தலைமையாசிரியர் மட்டும், “பலகையில் எழுதினதத்தானே அவ செய்தா?” என்று கேட்டார். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நீக்கிய கடிதத்தை நான் எழுதினேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னதும் என்னைத்தான். பூங்கா வேலையும் அதோடு போயிற்று.

நான் போனபோது செல்லத்தாய் அக்காள் வீட்டில் இருந்தாள். அன்னக்கிளி முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள், தங்கை பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாறு நாளாகப் பேச்சு இல்லை போலிருக்கிறது. கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். செல்லத்தாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது வரும் என்று தெரிந்துதான் கையை நீட்டியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. அக்காள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“ஒன்னத் திருப்பி விட்ட கையாலதான் அவனையும் திருப்பி விட்டேன் அக்கா. ஊரே சிரிச்சு. எனக்க வேலையும் போச்சு. இன்னும் என்ன செய்யணும் நான்?”

அன்னக்கிளி கையில் இருந்த கயிற்றை நிறுத்தவில்லை.

“அவனப் பாத்துச் சிரிச்சா, என்னப் பாத்துச் சிரிச்சது இல்லாமப் போவுமா? அவன் காருக்குப் போனான், சட்ட போட்டான், உள்ள போனான். எனக்கு என்ன கெடச்சு?”

வாசலில் அத்தனை பேரை எதிர்த்து நின்றவள், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“சட்டம்ணு சொன்னது பொய்யி அக்கா. அங்க நின்னப்போ நான் பேடிச்சேன். வேலை போயிருமோண்ணு பேடிச்சுத்தான் ஒன்ன வெளிய நிறுத்தினேன்.”

கயிறு நின்றது. அன்னக்கிளி முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“அத அண்ணைக்கே எனக்க காதுல சொல்லப்பிடாதா ஏட்டி? பேடியா இருக்குண்ணு சொல்லியிருந்தா, நானே ஒண்ணும் பேசாமத் திரும்பியிருப்பனே.”

இரண்டு பேரும் அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் அன்னக்கிளி என்னைப் பார்த்து, “ஆரு மக்கா இந்தக் கடுதாசி எழுதினது? நல்ல வடிவா எழுதியிருக்கான்” என்றாள்.

கமிட்டிக்காரர்கள் எழுதினார்கள் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.